அம்மாவின் தேயிலை டப்பா

மார்ச் 3

அண்ணா,

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம், அண்ணி போனைப் பிடுங்கி வைத்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "நீ கொண்டு வர்ற டீதான் அம்மாவ இப்படி ஆக்கியிருக்கு" என்று அண்ணி முன்னால், நர்ஸ் முன்னால், வரிசையில் நின்றவர்கள் முன்னால் சொன்னேன். சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பா என்று இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கமில்லை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது நீயும்தான் பார்த்தாய். அம்மாவின் முதுகெலும்பு சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக, தடித்துப்போய் இருந்தது. "பல வருஷமா ஃப்ளோரைடு அதிகமா உள்ள போயிருந்தா எலும்பு இப்படி ஆகும். எதுலேருந்து போகுதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க. இல்லேன்னா தண்டுவடத்த அழுத்தும், அப்புறம் நடக்க முடியாமப் போகும்" என்றார். நீ உடனே "எங்க ஊருத் தண்ணி நல்ல தண்ணி சார்" என்று அவரோடு வாதத்துக்குப் போய்விட்டாய். நான் உன்னோடு வாதத்துக்கு வந்துவிட்டேன். அம்மா நாற்காலியில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நம் பக்கம் திரும்ப அவளால் முடியவில்லை.

இங்கே எங்கள் ஆய்வகத்தில் உணவில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில், ஃப்ளோரைடில் இருக்கும் ஃப்ளோரினைப் பார்க்கும் முறையைப் போன வருஷம்தான் ஆரம்பித்தோம். எங்கள் மேலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, உப்பு, குழாய்த் தண்ணீர், டீத்தூள் எல்லாவற்றிலும் கொஞ்சம் அனுப்பு. தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் அனுப்பு, கண்ணாடியில் வேண்டாம்.

கோபம் இருந்தாலும் அனுப்பு.

— தங்கை

மார்ச் 10

தராசுக்கு,

பிஸ்கட்டைப் பாதியாக உடைத்தால் எந்தப் பாதி பெரிது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவளுக்கு நான் வைத்த பெயர் அது. இன்னும் நீ மாறவில்லை. பிஸ்கட் போய் இப்போது அண்ணன் வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

கேட்டதெல்லாம் பார்சலில் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் கசியாமல் அண்ணி மூன்று பை போட்டுக் கட்டியிருக்கிறாள். பல் தேய்க்கும் பேஸ்ட்டையும் வைத்தேன், அதையும் சந்தேகப்படு. டீத்தூளுக்கு எங்கள் தேயிலைக் கம்பெனிப் பொட்டலம் ஒன்று, சீல் உடைக்காதது. போன மாதம் நானே கலந்த சரக்கு. அதில் குறை கண்டுபிடிக்கும் நாக்கு இன்னும் பிறக்கவில்லை, உன் கருவிக்கு நாக்கு உண்டா என்று தெரியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டீயால்தான் இது என்றால் முதலில் படுத்திருக்க வேண்டியவன் யார்? காலையில் ருசி பார்க்கும் அறைக்குப் போனதும் எனக்கு முன்னால் மேஜை நீளத்துக்குக் கிண்ணங்களை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் கரண்டியை விட்டு, சத்தமாக உறிஞ்சி, நல்லது கெட்டது சொல்லிக்கொண்டே நகர்வேன். இந்த ஊரில் என்னைவிட அதிகம் டீ பார்த்த வாய் கிடையாது. என் கழுத்து நன்றாகத்தான் திரும்புகிறது. உன்னைத் திரும்பிப் பார்க்கத்தான் மனசில்லை.

அம்மாவைப் பற்றிக் கேட்பாய். கூப்பிட்டால் கழுத்து வருவதில்லை, முழு ஆளும் திரும்புகிறாள். "பஸ் திரும்புதுடா, எல்லாரும் ஓரம் போங்க" என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

— அண்ணன்

மார்ச் 19

அண்ணா,

உன் பொட்டலத்து டீயை இன்று கருவியில் விட்டேன். நினைத்தே பார்க்க முடியாத அளவு ஃப்ளோரின். எண்ணை எழுதினால் உனக்குப் புரியாது.

நான் சொன்னது சரிதான். இதில் எனக்குச் சந்தோஷம் என்று நினைக்காதே. அம்மாவுக்கு இன்றே டீயை நிறுத்து. ஒரு வாய்கூடக் கொடுக்காதே. அடுத்த மாதம் லீவு கிடைத்ததும் வந்து அவளை என்னோடு அழைத்துப் போகிறேன். இதில் உன் சம்மதத்தைக் கேட்கவில்லை.

— தங்கை

மார்ச் 25

தங்கைக்கு,

நிறுத்திவிட்டேன். கடிதம் வந்த அன்றே தேயிலை டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன். அம்மாவின் கை தோளுக்கு மேலே போகாது, தெரியுமல்லவா. அவளுக்குத் தலைவலி வந்தது, சாப்பாட்டில் ருசி போனது. "என்னடா கோபம் என் மேல" என்று கேட்டாள். டாக்டர் சொன்னார் என்று பொய் சொன்னேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பொட்டலம் எத்தனை வீட்டுக்குப் போகிறது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. மேனேஜரிடம் போய், நான் கலந்த சரக்கை லாரியில் ஏற்றாதீர்கள் என்று சொன்னேன். ஏன் என்றார். என் தங்கை ஆய்வகத்தில் இருக்கிறாள், அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்றேன். கிடங்கைப் பூட்டினார்கள். வெளியே வேறொரு ஆய்வகத்துக்கும் மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். பதில் வரும்வரை என்னை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவைக் கூட்டிப் போவதைப் பற்றி இப்போது எனக்கு வாதாடத் தெம்பில்லை. கூட்டிப் போ. அவளுக்கு நான்தான் இதைச் செய்தேன் என்றால் எந்த முகத்தோடு இங்கேயே இரு என்று சொல்வேன்.

— அண்ணன்

மார்ச் 31

அண்ணா,

இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்து இரண்டு முறை கிழித்துவிட்டேன்.

நான் அனுப்பிய முடிவு தப்பு.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கருவி எடையைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்லும். ஃப்ளோரின் தனியாக வந்தால் அதன் பிடியில் சிக்காது. அதனால் அதைப் பேரியம் என்ற உலோகத்தோடு ஜோடி சேர்த்து அனுப்பி, அந்த ஜோடியை எடை பார்க்கிறோம். தொல்லை என்னவென்றால், பேரியம் தண்ணீரோடும் ஜோடி சேரும், அந்த ஜோடிக்கும் அதே எடை. ஆள் மாறாட்டம். இதைத் தடுக்க உள்ளே ஒரு வாயுவைச் செலுத்தி, போலியை வடிகட்டிவிட்டுத்தான் எண்ண வேண்டும். அன்று அந்த வாயு மூடியிருந்திருக்கிறது. முதலில் வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் அதைச் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். அன்று செய்யவில்லை. உன் மேல் கோபமாக இருந்தேன், நான் ஜெயிப்பதைப் பார்க்க அவசரம்.

நேற்று வெறும் தண்ணீரை விட்டேன். அதிலும் அவ்வளவு ஃப்ளோரின் என்று சொன்னது கருவி.

எல்லாவற்றையும் சரிசெய்து மறுபடி பார்த்தேன். உன் பொட்டலம் சாதாரணமான டீதான், மற்ற கம்பெனி டீக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அரிசி, பருப்பு, உப்பு, தண்ணீர் எதிலும் பயப்பட ஒன்றும் இல்லை. உன் மேனேஜருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், தப்பு முழுக்க என்னுடையது என்று.

ஆனால் அண்ணா, ஒன்று மிச்சம் இருக்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்த அன்று எடுத்த சிறுநீரை அந்த டாக்டர் வேறு இடத்தில் வேறு முறையில் சோதித்திருக்கிறார். அதில் ஃப்ளோரைடு நிறைய இருக்கிறது. அது பொய் இல்லை. எதிலிருந்தோ உள்ளே போய்க்கொண்டிருந்தது. எதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

— தங்கை

ஏப்ரல் 6

தராசுக்கு,

வெளியே அனுப்பிய மாதிரியும் நல்லது என்றே வந்துவிட்டது. திரும்ப வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். மேனேஜர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "உங்க தங்கச்சி இனிமே தண்ணியையும் நிறுத்தச் சொல்வாங்களா" என்று கேட்டார். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். என் நாக்கை நம்பி வாயைத் திறப்பவன் நான், முதல் முறையாக உன்னை நம்பி வாயைத் திறந்தேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திட்டுவதற்காக மட்டும் எழுதவில்லை. நீ நேராக வந்து தப்பு என்று சொன்னாய். எங்கள் ஆபீஸில் அதற்குத் தைரியம் உள்ளவர்கள் யாரும் கிடையாது, நான் உட்பட. அது வேறு, கோபம் வேறு. கோபம் இன்னும் இருக்கிறது.

அம்மாவுக்கு டப்பாவை இறக்கிக் கொடுத்துவிட்டேன். உன் பெயரால் அவளைப் பட்டினி போட்டதுதான் மிச்சம். கடையில் விற்கும் எங்கள் கம்பெனிப் பொட்டலத்தைக்கூட அவள் தொடுவதில்லை. ருசி பார்க்க ஆபீஸுக்கு வருவதில் நான் கொண்டு வரும் மாதிரித் தேயிலைதான் அவளுக்கு, நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே. காலையில் ஒரு பாத்திரம் போட்டு, அதையே அடுப்பில் வைத்துச் சாயங்காலம்வரை ஊற்றி ஊற்றிக் குடிப்பாள். அண்ணி காபிக்காரி. நான் வீட்டில் டீ குடிப்பதில்லை, நாக்குக்கு ஓய்வு வேண்டும், வெந்நீர்தான். ஆக மொத்த டப்பாவும் அம்மாவின் ராஜ்யம்.

முந்தா நாள் குளியலறைக்குப் போகும்போது அவள் வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. செருப்பு கழன்றது அவளுக்குத் தெரியவில்லை. நான் எடுத்துப் போட்டேன். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

— அண்ணன்

ஏப்ரல் 11

அண்ணா,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன்.

அம்மா குடிப்பது கடைப் பொட்டலம் இல்லையா? அப்படியானால் நீ எனக்கு அனுப்பியது அவள் குடிக்காத டீ. நானும் கேட்கவில்லை. டீத்தூள் என்று எழுதினேன், அம்மாவின் டீத்தூள் என்று எழுதவில்லை. ஒருத்தியைத் தேடி அவள் பக்கத்து வீட்டைச் சோதனை போட்டிருக்கிறேன்.

இரண்டு கேள்விகள், சண்டைக்காக இல்லை. ஆபீஸிலிருந்து எந்த மாதிரிகளைக் கொண்டு வருவாய்? நீ ருசி பார்க்கும்போது உறிஞ்சுவாய் என்று எழுதியிருந்தாயே, உறிஞ்சியதை என்ன செய்வாய்?

அம்மாவின் டப்பாவிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து அனுப்பு. அவளுக்கு இப்போதைக்கு அண்ணியின் காபியைக் கொடு. இந்த முறை எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன், சந்தேகம் என்று மட்டும் வைத்துக்கொள்.

— தங்கை

ஏப்ரல் 16

தங்கைக்கு,

துப்பிவிடுவேன்.

மேஜையோடு சக்கரம் வைத்த ஒரு தொட்டி கூடவே வரும். உறிஞ்சி, வாயில் சுழற்றி, அதில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவோம். விழுங்கினால் பத்தாவது கிண்ணத்திலேயே தலை சுற்றும். ஊரிலேயே அதிகம் டீ பார்த்த வாய் என்று உனக்குப் பெருமை அடித்தேனே, அந்த வாயிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே போவதில்லை. உன் கேள்வியைப் படித்ததும்தான் அது எனக்கே உறைத்தது.

எந்த மாதிரிகள் என்று கேட்டாய். நன்றாக இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்க ஆபீஸிலேயே வைத்துக்கொள்வோம். நான் வேண்டாம் என்று ஒதுக்கியவை குப்பைக்குப் போகும். சேர்ந்த புதிதில், குடிக்கக்கூடிய தூளைக் குப்பையில் கொட்டுகிறார்களே என்று மனசு கேட்காமல் அதில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன். அம்மா குடித்துப் பார்த்து, "என் பிள்ளை ஆபீஸ் டீ" என்று பக்கத்து வீட்டுக்காரம்மாவிடமெல்லாம் சொன்னாள். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. டப்பா காலியாக விட்டதே இல்லை. ஒதுக்கியது என்று அவளிடம் நான் சொன்னதும் இல்லை.

நேற்று அந்த டப்பாவைத் திறந்து, ஆபீஸில் செய்வதுபோலவே தூளை எடை போட்டு, வெந்நீர் ஊற்றி மூடி வைத்து, கரண்டியால் உறிஞ்சிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல் முறை. முற்றின இலை, காம்பு, கட்டை. உறிஞ்சின வேகத்திலேயே வாஷ்பேசினில் துப்பிவிட்டேன். வேறு யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று நான் தடுத்ததெல்லாம் நம் வீட்டு அடுப்பில்தான் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கைப்பிடி அனுப்பியிருக்கிறேன். டப்பாவையே காலி செய்துவிட்டேன். உன் கருவி என்ன சொன்னாலும் எனக்குத் தெரிந்துவிட்டது, இருந்தாலும் நீ பார்த்துச் சொல். இந்த முறை தண்ணீரை முதலில் விடு.

— அண்ணன்

ஏப்ரல் 27

அண்ணா,

தண்ணீரை முதலில் விட்டேன். சுத்தம். அளவு தெரிந்த தேயிலை ஒன்று எங்களிடம் இருக்கிறது, அதை அடுத்து விட்டேன், சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொன்னது. அதற்கப்புறம்தான் அம்மாவின் தூள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். திரும்பவும் புதிதாகக் காய்ச்சிப் பார்த்தேன். எங்கள் மேலாளரைத் தனியாகச் செய்யச் சொன்னேன், நான் பக்கத்தில் நிற்கவில்லை.

எல்லாம் ஒரே பதில்தான். கடைப் பொட்டலத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல். தேயிலைச் செடி மண்ணில் இருக்கிற ஃப்ளோரைடை இழுத்து இலையில் சேர்த்துக்கொண்டே போகும். கொழுந்தில் குறைவு, முற்றின இலையில் அதிகம். அதை நாள் முழுக்க அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் இருப்பது எல்லாம் இறங்கிவிடும். அந்தத் தூளை எப்போதாவது ஒரு கோப்பை குடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வேறு எதுவும் குடிக்காமல், வருஷக்கணக்கில் அதையே குடித்த ஒருத்திக்குத்தான் ஆகும்.

டாக்டரிடம் பேசினேன். நிறுத்தியதே பெரிய மருந்து என்றார். வலி மெதுவாகக் குறையலாம். காலுக்காக முதுகில் ஒரு ஆபரேஷன் தேவைப்படுமா என்று அடுத்த படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கழுத்து பழையபடி திரும்பும் என்று நம்ப வேண்டாம் என்றார். உன்னிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை.

வேறு யார் வீட்டுக்கும் போகக் கூடாததெல்லாம் நம் வீட்டு அடுப்பில் கொதித்தது என்று நீ போன கடிதத்தில் எழுதிய அந்த ஒரு வரியை நான் முதலில் கண்டுபிடித்திருந்தால், மார்ச் மாதத்தில், உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். இப்போது நீயே எழுதிவிட்டாய். என் வாயிலிருந்து அது ஒருநாளும் வராது. அம்மாவைக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவள் யாரோடு இருப்பது என்று அவளைக் கேட்போம். நாம் இருவருமே இதுவரை கேட்கவில்லை.

— தங்கை

மே 4

தராசுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறைத்துவிடலாம் என்று அண்ணி சொன்னாள். ஆனால் காபியைக் கொடுக்கும்போதெல்லாம் "என் பிள்ளை டீ எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு அப்புறம், அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணுக்கு நேராக இருக்கும்படி, அப்போதுதான் அவள் திரும்ப வேண்டியிருக்காது. "அம்மா, நான் கொண்டு வந்தது ஆபீஸ் டீ இல்லம்மா. நான் நல்லா இல்லேன்னு ஒதுக்கிப் போட்டது. அதனாலதான் உன் எலும்பு இப்படி ஆயிருக்கு" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், இல்லையென்றால் சொல்லியிருக்க மாட்டேன்.



"எலும்பு விஷயம் தெரியாது. ஒதுக்குனதுன்னு தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"யார் சொல்லணும்? வாயில வெச்ச அன்னிக்கே தெரியும். கட்டையக் காய்ச்சின மாதிரி இருக்கும். அதான் ரொம்ப நேரம் கொதிக்க வெச்சு, சக்கரைய அள்ளிப் போட்டு உள்ள தள்ளுவேன்."

"தெரிஞ்சும் ஏம்மா குடிச்சே?"

"மொத நாள் பொட்டலத்த நீட்டிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னே. நல்லா இல்லேன்னா சொல்றது? நல்லா இருக்குடான்னேன். அப்புறம் நீ கொண்டு வர்றத நிறுத்தல, நான் குடிக்கிறத நிறுத்தல."

எனக்குக் கோபமா அழுகையா என்றே தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். அவள் கை என் தலையை எட்டவில்லை, முழங்காலைத்தான் தொட்டது. "வாயில வெச்சதுமே கண்டுபிடிக்க உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உனக்கு அந்த நாக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சே?"

அவள் காலைப் போர்வையால் மூடிவிட்டேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரோடு இருப்பது என்று நீ கேட்கச் சொன்னதை இன்னும் கேட்கவில்லை. நீயும் இருக்கும்போது கேட்கலாம். லீவு கிடைத்ததும் கிளம்பி வா. வரும்போது நல்ல டீ எதுவும் வாங்கி வராதே. நான் ஆபீஸில் கேட்டு, நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் நல்ல மாதிரியில் ஒரு கைப்பிடி வாங்கி வைத்திருக்கிறேன். டாக்டர் எப்போதாவது ஒரு கோப்பை குடிக்கலாம் என்று சொன்னால், நீ இருக்கும்போது போட்டுத் தரலாம். முதலில் நான் குடித்துப் பார்க்கிறேன், இந்த முறை விழுங்கி.

— அண்ணன்